ஏ. சாருலதா, எஸ். சாருலதா

"பத்தரைக்குள்ள வாசப்படியத் தாண்டிடு. அப்புறம் ராகுகாலம்," என்றாள் ஜலஜா.

"ஆபீசே பத்தரைக்குத்தாம்மா திறப்பா."

"திறக்கட்டும். நீ கிளம்பறதுதான் கணக்கு. அங்க உக்காந்து காத்துண்டு இரேன், யார் வேண்டான்னா?"

சாருலதா கூடத்துப் பக்கம் திரும்பினாள். கூடத்து மேஜைமேல் மூன்று கட்டுகள் இருந்தன. கட்டுக்கு அறுபத்திரண்டு பக்கம். மூலையில் துளையிட்டுப் பச்சை நாடா கோத்திருந்தது. டைப் அடித்தது, பக்க எண் போட்டது, நாடாவை முடிச்சுப் போட்டது எல்லாமே அவள் அப்பா அனந்தராமன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தாறு வருடம் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலை மெஷினில் முதல் தாளைச் செருகியவர், புதன்கிழமை மாலைதான் எழுந்தார்.

"அப்பா, ஒரு தரம் பாத்துடட்டுமா?"

"நான் பாத்தாச்சு," என்றார் அனந்தராமன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அப்பா பார்த்தாச்சு என்றால் அந்த வீட்டில் அதற்கு மேல் முறையீடு கிடையாது. பால்காரன் கணக்கில்கூட அவர் பார்வைக்குத் தப்பிய பிழை இதுவரை இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்திருந்தார்; அவள் புள்ளிகளை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பத்து இருபத்தைந்துக்குக் கைனடிக் ஹோண்டாவை உதைத்துக் கிளம்பினாள்.

ஈக்காட்டுத்தாங்கலில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை அவளுடையது. வெயிலில் தண்ணீர் காய்ச்சும் கருவி செய்கிறார்கள். கரண்டும் வேண்டாம், விறகும் வேண்டாம், புகையும் கிடையாது. கறுப்படித்த செப்புத் தகட்டின்மேல் செப்புக் குழாயைப் பற்றவைத்துக் கண்ணாடியிட்டு மூடிய பெட்டி அது. தகடுகளைக் கையால் தட்டி வளைப்பதால் மாதத்துக்கு நாலு பெட்டிக்கு மேல் முடியவில்லை. அடையாறில் ஒரு மருத்துவமனை பன்னிரண்டு கேட்டுவிட்டுப் பொறுமையிழந்து பாய்லர் வாங்கிக்கொண்டது. தகடு வளைக்கும் யந்திரம் ஒன்று வந்தால் மாதம் நூறு செய்யலாம். அதற்கு டில்லி நிதி தருகிறது. போன வாரம், பன்னிரண்டாம் தேதி, ஆய்வுக் குழு பட்டறைக்கு வந்தது. பட்டறைப் பங்குதாரர் மெஹபூப் அலி பற்றவைத்த குழாய்களில் அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றி, ஒரு சொட்டுக்கூடக் கசியாததைப் பார்த்துவிட்டு, விண்ணப்பத்தைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது.

கடைசி நாள் இன்று, மார்ச் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை. மாலை நாலு மணிக்குள் பதிவாக வேண்டும். இந்த நிதியாண்டோடு திட்டம் முடிகிறது. அடுத்த வருடம் இருக்குமா என்பது டில்லிக்கே தெரியாது.

சாருலதாவுக்கு இன்னொரு கெடுவும் இருந்தது. அவள் கணவன் சாய்சரணுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து ஐந்து மாதமாகிறது; இன்னும் போய்ச் சேரவில்லை. பட்டறையை மூடிவிட்டு வா என்றான். மார்ச் வரை பொறுங்கோ, நிதி வராவிட்டால் வந்துவிடுகிறேன் என்றாள் அவள். அந்தப் பேச்சு நடந்த மறுநாள் இரண்டு பெட்டியோடு மயிலாப்பூருக்கு, அப்பா வீட்டுக்கு வந்தாள். விண்ணப்ப வேலை இருக்கிறது, அப்பா பக்கத்தில் இருந்தால் சௌகரியம் என்று காரணம் சொன்னாள். அவளும் சாய்சரணும் குடியிருந்த அசோக் நகரிலிருந்து பட்டறைக்குப் பத்து நிமிடம்; மயிலாப்பூரிலிருந்து முக்கால் மணி. இந்த நாலு மாதத்தில் அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

தி. நகரில், இரண்டாவது மாடியில் இருந்தது அந்த அலுவலகம். மாடிப்படியில் மெஹபூப் அலி காத்திருந்தார். புதுச் சட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி. சட்டையைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருந்தது; அதன் காலரில் ஊசி ஒன்று எடுக்கப்படாமல் நின்றது.

"இன்னா சாரும்மா, இவ்ளோ லேட்டு?"

"ராகுகாலத்துக்கு முன்னாடியே கிளம்பிட்டேன் பாய். பாண்டி பஜார்ல மாட்டிண்டேன்."

"ஒரு மணிக்கு எனக்கு ஜும்மா கீது. அதுக்குள்ள முடிஞ்சிரும்ல?"

"அரை மணி வேலைதான்."

பதினொன்றே முக்காலுக்குத்தான் அவர்களைக் கூப்பிட்டார்கள். செக்‌ஷன் ஆபீசர் இசக்கிமுத்து. திருநெல்வேலிக்காரர். மேஜைமேல் காகிதங்கள் பறக்காமலிருக்க அரைச்செங்கல்லைப் பழுப்புத் தாளில் சுற்றி வைத்திருந்தார். கட்டைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நல்ல டைப்பிங் என்றார். இப்படி ஒரு ஃபைல் வந்து வருஷமாச்சு என்றார். பிறகு இணைப்புகளுக்கு வந்து நின்றார்.

"யம்மா, இந்தக் கம்பெனி யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான் சார். பாய் பார்ட்னர்."

"ரெஜிஸ்ட்ரேஷன் சர்ட்டிபிகேட்ல ஏ. சாருலதான்னு இருக்கு. பேங்க் பாஸ்புக்லயும் ஏ. பார்ட்னர்ஷிப் பத்திரத்துலயும் ஏ. அப்ளிகேஷன்ல எஸ். சாருலதா. அதைத்தான் கேக்கேன். ஏ-ங்கது யாரு, எஸ்ஸுங்கது யாரு?"

சாருலதா எழுந்து எட்டிப் பார்த்தாள். எஸ். புரட்டினாள். எஸ். பட்டறையைப் பதிவு செய்தது கல்யாணத்துக்கு முன்பு. அப்போது அப்பா பெயரின் முதலெழுத்து. அதை அவள் மாற்றவே இல்லை.

"ரெண்டும் நான்தான் சார். கல்யாணத்துக்கு முன்னாடி ஏ, அப்புறம் எஸ்."

"உங்களைப் பாத்தா எனக்குத் தெரியுது. டில்லியில உக்காந்திருக்கவனுக்கு உங்க மூஞ்சி தெரியாதுல்லா? கம்பெனி வச்சிருக்கிறவ ஒருத்தி, பணம் கேக்கிறவ இன்னொருத்தின்னு திருப்பி அனுப்பிருவான்."

"இன்னா சார், ஒரே ஒரு எழுத்துக்கா இம்மாம் ரகளை?" என்றார் மெஹபூப் அலி. "எனக்கு இனிஷியலே கெடையாது. ஸ்கூல்ல வாத்தியார் ஒண்ணு குடுத்தாரு. மூணாங்கிளாஸோட அதையும் அங்கியே வுட்டுட்டு வந்துட்டேன்."

இசக்கிமுத்து சிரித்துவிட்டார். "நீரு தப்பிச்சீரு பாய்." அவளைப் பார்த்து இரண்டு விரலை நீட்டினார். "ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு, ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு உங்க வீட்டுக்காரர் ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போட்டுத் தரணும். சேத்து வச்சு அனுப்பிருதேன், அஞ்சு நிமிச வேலை. இன்னொண்ணு, எங்கெங்க எஸ் இருக்கோ அங்கல்லாம் அடிச்சு, மேல ஏ எழுதி, பக்கத்துல ரெண்டு பார்ட்னரும் முழுக் கையெழுத்துப் போடணும். மூணு காப்பியிலயும். வெள்ளை மை போட்டா செல்லாது. லெட்டரே வாங்கிட்டு வந்துருங்க. வீடு எங்க?"

சாருலதா ஒரு கணம் எந்த வீடு என்று யோசித்தாள்.

"நாலு மணி வரைக்கும் டைம் இருக்கில்லையா சார்?"

"நாலுன்னா நாலு. அதுக்கப்புறம் இன்வர்ட் சீல் எடுத்து உள்ள வச்சுருவாங்க."

தெருமுனை பெட்டிக்கடையில் மஞ்சள் போன் இருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு மயிலாப்பூர் எண்ணைச் சுழற்றினாள். முதல் மணியிலேயே அப்பா எடுத்தார்.

"எஸ்னு அடிச்சிருக்கேளேப்பா."

"கல்யாணமான பொண்ணுக்கு ஆத்துக்காரர் இனிஷியல்தானே போடணும்?"

"பேப்பர் எல்லாம் ஏ-ல இருக்கு. நீங்கதானே அட்டெஸ்ட் பண்ண அனுப்பினேள்?"

போனில் ஒரு பஸ் போகும் சத்தம்தான் கேட்டது. அது இந்தப் பக்கத்து பஸ்.

"சரி, ஆனது ஆச்சு," என்றார் அனந்தராமன். "மாப்பிள்ளை கிட்ட ஒரு லெட்டர் வாங்கிண்டா போறும். அவர் ஆபீஸ் கிண்டிதானே, கூப்பிடு தூரம். நீயே போய் வாங்கிண்டு வந்துடேன்."

"லெட்டர் வாங்கலாம்னு இங்க ஆபீசர்தான் சொன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதெல்லாம் ரூல்ஸ்தானேம்மா. நான் பாக்காத ரூலா?"

சாருலதா நாணயப் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். சாய்சரண் முன்னால் போய் நின்று, உங்களை விட்டு இங்கேயே இருந்துவிடுவதற்குப் பணம் கேட்கிறேன், நான் உங்கள் மனைவிதான் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அவன் கொடுத்தும் விடுவான். அதைத்தான் தாங்க முடியாது என்று தோன்றியது.

"நான் போகலை. எல்லா இடத்துலயும் அடிச்சு எழுதிடறேன்."

"மூணு காப்பியிலயும் சேத்தா நூத்தி நாப்பத்தோரு இடம் சாரு."

"ஒரு ஆட்டோ பிடிச்சு வாங்கோ. நீங்க அடிச்சு எழுதிண்டே வந்தா நாங்க கையெழுத்துப் போட்டுண்டே வருவோம்."

"சாரு, நான் சொல்றதை…"

"அப்பா, ஒரு ரூபாய் முடியப் போறது."

ஒரு மணிக்கு மெஹபூப் அலி தொழுகைக்குப் போனார். ஒன்றேகாலுக்கு அனந்தராமன் வந்தார். வழக்கமாக அந்த நேரம் சாப்பிட்டு ஈசிசேரில் சாய்ந்திருப்பார். வெயிலில் முகம் சிவந்து, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு இரண்டு மாடி ஏறி வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். மகள் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கவில்லை.

"குடு," என்றார்.

முதல் பக்கத்தில் எஸ்ஸின் மேல் ஒரு கோடு. தலைக்கு மேல் ஒரு ஏ. மருமகன் எழுத்தை அடித்துவிட்டுத் தன் எழுத்தைப் போட்டார். சாருலதா பக்கத்தில் கையெழுத்திட்டாள்.

அவர் தேடவே இல்லை. நாலாம் பக்கம் ஓரிடம், ஒன்பதில் இரண்டு, பதினேழில் அடிக்குறிப்பில் ஒன்று. தாளைத் திருப்பும்போதே பேனா சரியான இடத்துக்குப் போய் நின்றது.

"எப்படிப்பா இவ்வளவு ஞாபகம்?"

"நான்தானே அடிச்சேன்."

முதல் கட்டு முடிய ஒன்று ஐம்பது ஆயிற்று. மெஹபூப் அலி திரும்பி வந்து, பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, வலமிருந்து இடமாக உருதுவில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். பத்தைத் தாண்டியதும் மணிக்கட்டை உதறினார்.

"நிக்காஹ்ல கூட என்னை மூணு தபாதான் கேட்டாங்க, சம்மதமான்னு. இங்க நூத்தி நாப்பத்தோரு தபா கேக்கறாங்க."

"நாளைக்குப் பட்டறையில பற்றவைக்கக் கை வருமா பாய்?"

"வராது. உங்கப்பா வந்து வெல்டிங் பண்ணட்டும். பேனா பிடிக்கறது பாரு, டார்ச் பிடிக்கற மாதிரியே கீது."

அனந்தராமன் சிரிக்கவில்லை. வழக்கமாக மெஹபூப் அலியோடு எதிர்ப்பேச்சு பேசாமல் விடமாட்டார். இன்று தலையைக் குனிந்துகொண்டு அடித்தார், எழுதினார், அடித்தார், எழுதினார். நெற்றி வியர்வை இரண்டாம் கட்டின் முப்பதாம் பக்கத்தில் சொட்டியது. பதறி வேட்டி நுனியால் ஒற்றினார்.

"சார், கொஞ்சம் டீ சொல்லவா?" என்றார் மெஹபூப் அலி.

"வேண்டாம் பாய். முடிச்சுடலாம்."

இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போயிற்று. உள்ளேயிருந்து ஒவ்வொருவராக வராந்தாவுக்கு வந்து காற்று வாங்கினார்கள். இசக்கிமுத்துவும் வந்தார். சட்டையின் மேல் பித்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு பெஞ்சைப் பார்த்தார்.

"பெரியவரு யாரு?"

"எங்கப்பா."

"அப்போ ஏ-ங்கது இவருதானா?" இசக்கிமுத்துவுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "டைப் அடிச்சதும் நீங்கதானோ சார்? கவர்ன்மென்ட் சர்வீஸா?"

"ஆமாம்."

"பாத்ததும் சொல்லிட்டேன். மார்ஜின்ல தெரியுது. ஆனா சார், இவ்வளவு சுத்தமா அடிச்ச மனுசன் இதை எப்படி விட்டீங்க?"

அனந்தராமன் பேனாவை மூடித் திறந்தார். "வயசாயிடுத்து," என்றார்.

சாருலதாவுக்கு அந்தப் பதில் வலித்தது. அறுபத்திரண்டு வயதுக்காரரை வெயிலில் இழுத்துக்கொண்டு வந்து, ஊர் பார்க்கத் தப்பைத் திருத்த வைத்திருக்கிறோம் என்று நினைத்தாள். "ஒரு எழுத்துதானே சார்," என்று இசக்கிமுத்துவிடம் குரலை உயர்த்தினாள். "யாருக்கும் வரும்."

மூன்றாம் கட்டில் அனந்தராமனின் கை தளர்ந்தது. ஏ-க்களின் குறுக்குக் கோடு சரிந்துகொண்டே போயிற்று. ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் அவர் ஓர் இடத்தைத் தாண்டிவிட, சாருலதா கண்டுபிடித்துக் காட்டினாள். மூன்று நாற்பத்தாறு. மெஹபூப் அலி கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, தாளை ஊதிக் காயவைத்தார்.

வரும் தபால்களைப் பதிவு செய்யும் இன்வர்ட் பிரிவில் நீரஜா என்ற பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச்சுவரில் கடிகாரம். மூன்று கட்டுகளையும் புரட்டி, அடித்த இடங்களைப் பார்த்து வாய்க்குள் எண்ணினாள்.

"என்ன மேடம், எல்லாப் பக்கத்துலயும் கிறுக்கிப்போட்டு வச்சிருக்கீங்க?"

"எல்லாத்துக்கும் கையெழுத்து இருக்கு, பாருங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்." நீரஜா சீலை மைப்பஞ்சில் அழுத்தினாள். முதல் முறை மங்கலாக விழுந்தது. மறுபடி ஓங்கி அடித்தாள். மூன்று ஐம்பத்து மூன்று. விண்ணப்பதாரர்: ஏ. சாருலதா. ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

சாருலதா அதை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்பா குழாயடியில் கை மையைக் கழுவிக்கொண்டிருந்தார். மெஹபூப் அலி அங்கே நின்று பியூனிடம் பட்டறைப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். அவள் முதலில் படியிறங்கினாள். உடம்பு முழுக்க ஒரு பரபரப்பு. இன்னும் எதுவோ செய்ய வேண்டியிருக்கிறது, யாரையோ கூப்பிட வேண்டியிருக்கிறது என்பது போல.

முதல் மாடித் திருப்பத்தில் சாய்சரண் ஏறி வந்துகொண்டிருந்தான்.

அலுவலகச் சட்டை, தோளில் பை. முன்பைவிட இளைத்திருந்தான். இருவரும் நாலைந்து படி இடைவெளியில் நின்றார்கள்.

"குடுத்துட்டியா?" என்றான்.

"குடுத்துட்டேன்."

"ஓ." பையிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்தான். "அப்போ இது வேண்டாமா?"

"என்னது?"

"நீ கேட்ட லெட்டர்."

"நான் கேக்கலையே."

"உங்கப்பா பன்னண்டரைக்கு ஆபீசுக்குப் போன் பண்ணினார். நீ வரமாட்டே போலிருக்கு, நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்கோன்னார். மூணு மணிக்குத்தான் பர்மிஷன் கிடைச்சுது; அப்புறம் கிண்டி கேட்ல ரயிலுக்கு மாட்டிண்டேன்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "நான் எழுதி ரெடியாத்தான் வச்சிருந்தேன் சாரு. நீ வந்து வாங்கிப்பேன்னு சொன்னார். தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடி ஆத்துக்கு வந்துண்டிருந்தேன்."

தினமும் என்ற சொல் அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் கவரை வாங்கிப் பிரித்தாள். நல்ல தாள். சாய்சரணின் கையெழுத்தில் ஐந்து வரி. ஏ. சாருலதா என்பவரும் எஸ். சாருலதா என்பவரும் ஒருவரே என்றும், அவர் என் மனைவி என்றும் உறுதியளிக்கிறேன். அதற்குக் கீழே இன்னொரு வாக்கியம்: அவர் நடத்தும் தொழில் முழுக்க அவரது சொந்த முயற்சி, அதில் எனக்கு எந்தப் பங்கும் உரிமையும் இல்லை.

அந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்தாள். பாராட்டா, கையைக் கழுவுவதா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

"கடைசி வரியும் அப்பா சொன்னதா?"

"இல்லை," என்றான் சாய்சரண். "அது நானா எழுதினது."

அவள் அதைக் கேட்டிருப்பாள், என்ன அர்த்தம் என்று. அதற்குள் கண் தாளின் வலது மேல்மூலைக்குப் போயிற்று. தேதி போட்டிருந்தான். பதின்மூன்று, மார்ச்.

அதற்கு முதல்நாள்தான் ஆய்வுக் குழு வந்து போயிருந்தது. விண்ணப்பத்தின் முதல் தாள் டைப் மெஷினில் ஏறியது பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

மேலே படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. மெஹபூப் அலியின் குரலும். "…மாசம் நூறு சார், நூறு! ஒரு தபா அந்த மெஷின் வந்துட்டா நான் சும்மா சேர் போட்டு உக்காந்துனு இருப்பேன்…" திருப்பத்தில் சாய்சரணைப் பார்த்ததும் அவர் பேச்சு நின்றது. பின்னால் வந்த அனந்தராமன் ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடியே நின்றார்.

"அடடே, மாப்பிள்ளை! எப்ப வந்தேள்?" என்றார், சற்று உரக்க.

சாய்சரண் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

சாருலதா மூன்று படி ஏறிப்போய்க் கடிதத்தை அப்பாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாங்கினார். முப்பத்தாறு வருடப் பழக்கம்; எந்தக் கடிதத்திலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பார்.

பார்த்தவர், அதற்குக் கீழே ஒரு வரியும் படிக்கவில்லை.